நல்ல நாள் பார்த்துப் பதிந்த மாட்யூல்

உபேந்திர தாம்லேவுக்குத் தன்னைப் பற்றி மிக உயர்ந்த அபிப்பிராயம். புனேயில் வேறு யாருக்கும் அது இல்லாததால் மொத்தத்தையும் அவரே சுமக்க வேண்டியிருந்தது. ஆம்புலன்ஸ்கள் நிற்கும் இடத்தை வரைபடத்தில் காட்டும் சின்ன கம்பெனி ஒன்றில் டேட்டாபேஸ் அவர் பொறுப்பு. அங்கே தொழில்நுட்பத் தலைவர் பதவி காலியாக இருந்தது. அது தனக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்று மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை.

வண்டிகளின் இடத்தை வரைபடத்துக்குத் தரும் மென்பொருள் பகுதியான மாட்யூலின் புதுப் பதிப்பைச் சர்வரில் இறக்கி வைத்தாகிவிட்டது. ஆனால் கோப்பு வந்து கிடந்தால் போதாது. டேட்டாபேஸுக்குள் முறையாகப் பதிந்தால்தான் வேலை செய்யும். 'புதுப்பி' என்று ஒரே வரி, டீ ஆறுவதற்குள் முடிகிற சமாசாரம். தாம்லே அதைக் கண்டே நவமிவரை ஒத்திவைத்தார். கருவிகளுக்குப் பூஜை போடும் நாள். முதலாளி நிம்பாள்கர் இருப்பார், புது வாடிக்கையாளரான ஆஸ்பத்திரி நிர்வாகி ஷிர்கே மேடமும் வருவார். பெரிய திரையில் அத்தனை பேர் முன்னால் பதிந்து காட்டினால் பதவி தானாக வந்து மடியில் விழும் என்று நினைப்பு. சோதனை சர்வரில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமே என்று சக ஊழியை ஷர்வரி சொன்னதற்கு, அதெல்லாம் பயந்தாங்கொள்ளிகளுக்கு என்று சிரித்தார். இந்த மாதிரி சிரிப்பைக் கண்டால் எரிச்சல்தான் வரும்.

அன்று சர்வருக்குச் செண்டுப்பூ மாலை. தேங்காய் உடைத்து, பேடா கொடுத்து முடிந்ததும் தாம்லே கீபோர்டு முன் அமர்ந்தார். ஒரே வரியில் புதுப்பித்தால் கம்பீரம் ஏது? பழையதை நீக்கிவிட்டுப் புதியதைப் பதியக் கிளம்பினார். சர்வர் மறுத்தது. இதை நம்பி வேறு சிலவும் இருக்கின்றன, அவற்றையும் சேர்த்து நீக்குவதானால் 'கேஸ்கேட்' என்று சேர்த்து அடிக்கவும் என்று திரையில் காட்டியது.

"சார், அதை அடிச்சிடாதீங்க," என்றாள் ஷர்வரி. "வண்டி நிக்கிற இடமெல்லாம் அந்த மாட்யூலை நம்பித்தான் டேட்டாபேஸ் டேபிள்ல இருக்கு. அதுவும் சேர்ந்து போயிடும்."

"சர்வரே வழி சொல்லுது. நீ எதுக்கு நடுவுல?"

அடித்தார். நீங்கியவற்றின் பெயர்கள் திரையில் ஓடுவதைப் பட்டம் வாங்கியவர் போல ரசித்தார். பிறகு புதியதைப் பதிந்தார். பதிவாகிவிட்டதாகச் சர்வர் சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள். ஷர்வரி மட்டும் தட்டவில்லை.

கொத்ரூடில் தன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நிற்கும் ஆம்புலன்ஸைக் காட்டச் சொன்னார் ஷிர்கே மேடம். வரைபடம் வந்தது. தெருக்கள் இருந்தன, முட்டா ஆறு வளைந்து ஓடியது, ஊர் முழுக்கத் தேடியும் ஒரு வண்டி இல்லை. வண்டி நம்பரும் டிரைவர் பெயரும் பத்திரமாக இருக்கின்றனவே என்று தாம்லே திரையில் டேபிளைத் திறந்து காட்டினார்.

"டிரைவர் பேரை வச்சு நான் என்ன பண்றது? நெஞ்சுவலின்னு துடிக்கிறவர்கிட்ட வாசிச்சுக் காட்டவா?" என்றார் ஷிர்கே மேடம்.

நிம்பாள்கரின் முகம் கறுத்தது. காலையில் எடுத்த பேக்கப் இருக்கிறது, சாயங்காலத்துக்குள் மீட்டுவிடலாம் என்றாள் ஷர்வரி. அதுவரை ஒவ்வொரு டிரைவரையும் கூப்பிட்டு, எங்கே நிற்கிறார் என்று யாராவது கேட்க வேண்டும்.

"மாட்யூல் சரியாத்தான் பதிவாயிருக்கு சார்," என்றார் தாம்லே.

"ரொம்ப சந்தோஷம். தலைவர் வேலையைப் பத்தி நான் ஷர்வரிகிட்ட பேசிக்கறேன். நீங்க டிரைவர்களுக்குப் போன் போடுங்க."

போட்டார். யார் பேசுவது, கம்பெனியில் நீங்கள் என்னவாக இருக்கிறீர்கள் என்று முதல் டிரைவர் கேட்டார். தாம்லே அதை விட்டுவிட்டு, வண்டி எங்கே நிற்கிறது என்று மட்டும் கேட்டார்.