புதுப் பூணூலுக்கு முன்னால்

ஆவணி அவிட்டத்துக்குச் சமைத்துத் தரச் சொல்லிக் கோயில் தலைவரே வீடு தேடி வந்து கேட்டதிலிருந்து தேவகிக்குத் தரையில் கால் பாவவில்லை. மலேசியாவில் கரங்கான் ஊருக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் அந்த மாரியம்மன் கோயிலில் ஆவணி அவிட்டம் என்று ஒன்று ஊர்கூடி நடந்ததே கிடையாது. அவள் புருஷன் காளிதாசன் மட்டும் அன்றைக்கு விடிகாலையில் அம்மன் முன்னால் தனியாக நின்று புதுப் பூணூலைப் போட்டுக்கொள்வார். அது தோளில் ஏறிய பிறகு பழையதைக் கழற்றிக் கொண்டுபோய் ஆற்றில் விடுவார். அவள் வீட்டில் கொஞ்சம் உளுந்து வடையும் ஜவ்வரிசிப் பாயசமும் செய்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பாள். அத்தோடு பண்டிகை முடிந்தது.

இந்த வருஷம் கதையே வேறு. கோயிலுக்குப் புதுக் கோபுரம் வந்தாயிற்று. கோபுரம் வந்த கையோடு, வேலை பெர்மிட் எடுத்து இந்தியாவிலிருந்து ஒரு குருக்களும் வந்தாயிற்று. சின்ன வயசு, கணீரென்ற குரல், வாயைத் திறந்தால் மந்திரம் கொட்டும். தலைவர் விக்னேஸ்வரன் இதே தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து இன்றைக்குக் கூலிம் டவுனில் வக்கீலாக இருப்பவர். டவுனிலிருக்கும் ஐயர் வீடுகளையும் ஆசாரி வீடுகளையும் அழைத்து, குருக்கள் கையால் பூணூல் மாற்றி, வந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டுச் சாப்பாடு என்று அவர்தான் ஏற்பாடு செய்திருந்தார். கோயிலின் பேர் வெளியே தெரிய வேண்டுமாம். சேர்த்துத் தலைவரின் பேரும் தெரிந்தால் அவர் வேண்டாம் என்றா சொல்வார்?

காளிதாசன் பிறவியில் பூணூல்காரர் இல்லை. தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தவர். தோட்டம் கை மாறி, சனங்கள் ஆளுக்கொரு பக்கம் கலைந்து, பழைய பூசாரி பழனியாண்டியும் கண்ணை மூடிய பிறகு அம்மனுக்கு விளக்கேற்ற நாதியில்லாமல் போனது. அப்போது கோயில் கமிட்டி, பூசை செய்ய வரச் சொல்லி இவரைத்தான் வந்து கெஞ்சியது. சுங்கைப்பட்டாணியிலிருந்து வந்த வயசான ஐயர் ஒருவர், அம்மனைத் தொடுகிறவன் தோள் வெறுமையாக இருக்கக் கூடாது என்று சொல்லி ஒரு நூலைப் போட்டுவிட்டுப் போனார். கோத்திரம் கேட்டாரா, முறைப்படி ஓதினாரா என்றெல்லாம் அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை. கூரை ஒழுகிக்கொண்டிருந்த கோயிலில் அதையெல்லாம் கவனிக்க யாருக்கு நேரம் இருந்தது?

இருபது வருஷத்துக்கு மேல் அந்த நூலோடுதான் அவர் கருவறைக்குள் போய் வந்தார். குருக்கள் வந்த பிறகும் உள்ளே நின்று அபிஷேகத்துக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, அம்மனுக்குச் சேலை கட்டுவது எல்லாம் அவர்தான். ஆனால், ‘முறையான ஐயர் இருக்கும்போது இவர் எதுக்கு உள்ள’ என்று கமிட்டியில் ஒரு பேச்சு ஓடுவது தேவகியின் காதுக்கு வந்திருந்தது. கருவறையைத் தவிர அந்த மனுஷனுக்கு வேறு உலகம் கிடையாது. வெள்ளிக்கிழமை காய்ச்சலில் கிடந்தாலும் அம்மனுக்குப் புடவை சரியாகக் கட்டினார்களோ என்னமோ என்று புலம்புகிற ஆள்.

அதனால்தான் இந்த ஆவணி அவிட்டம் அவளுக்கு அவ்வளவு பெரிதாகப் பட்டது. டவுன் ஆட்கள் பார்க்க, குருக்களின் கையாலேயே அவர் தோளில் ஒரு பூணூல் ஏறிவிட்டால் பிறகு எவன் வாயைத் திறப்பான்? அந்த ஒரு நினைப்பில்தான் உளுந்தை ஊறப் போட்டாள்; தேங்காயைத் துருவினாள்.

அன்றைக்குக் காலையில் காளிதாசன் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து நின்றபோது அவள் கண் அவர் தோளுக்குத்தான் போனது.

“ஏங்க, இந்த அழுக்கோடயா அங்க போயி ஒக்காரப் போறீங்க?”

“எந்த அழுக்கு?”

“இந்த நூலுதான். எண்ணெயும் மஞ்சளும் ஏறி வெளக்குத் திரியாட்டம் இருக்கு. டவுன் ஆளுங்கல்லாம் வர்றாங்க. லைவ் வேற போடறாங்களாம்.”

“புதுசு ஏறுன பெறகுதான் தேவகி பழச எறக்கணும். நடுவுல தோளு சும்மா இருக்கக் கூடாது.”

“குருக்களே போடப் போறாரு. கொஞ்ச நேரந்தான? அதுக்குள்ள அம்மன் ஒன்னும் கோவிச்சுக்க மாட்டா லா.”

காளிதாசன் எதற்கும் அவளோடு மல்லுக்கு நிற்கிறவர் இல்லை. அன்றைக்கு அவருக்கும் உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்து கொடுத்தார். அவளே அந்த நூலைத் தலைவழியாகக் கழற்றினாள். வாடிய பூக்களோடு சேர்த்து எடுத்துப்போய் ஆற்றில் விட்டுவிட்டு, வெறும் தோளில் சந்தனத்தைப் பூசி, இஸ்திரி போட்ட வேட்டியை எடுத்துக் கொடுத்து அனுப்பினாள். கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கிறீர்கள் என்று கிண்டல் வேறு செய்தாள்.

கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக் குணசுந்தரி ஒத்தாசைக்கு வந்து வடை தட்டிக்கொண்டிருந்தாள். சர்க்கரைப் பொங்கல் இறங்கிவிட்டது. பாயசத்தில் பால் ஊற்ற வேண்டியதுதான் பாக்கி. தேவகி கரண்டியும் கையுமாகக் கொட்டகை வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருந்தாள். வாசலில் நின்றால் மண்டபம் தெரியும்.

மண்டபத்தில் ஆண்கள் வரிசையாகப் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வரிசையின் கடைசியில் காளிதாசன். குருக்கள் ஒவ்வொருவரிடமும் கோத்திரம் கேட்டு, சங்கல்பம் சொல்ல வைத்துக்கொண்டே வந்தார். பலகை ஒவ்வொன்றாகக் குறையக் குறைய தேவகி அடுப்புப் பக்கம் போவதையே விட்டுவிட்டு வாசலிலேயே நின்றாள். கடைசியில் குருக்கள் காளிதாசன் முன்னால் வந்து நின்றார்.

“உங்க கோத்திரம் என்ன?”

“அப்பிடி ஒன்னும் இல்லீங்க சாமி. நான் அம்மனுக்குப் பூச பண்றவன்.”

“தெரியும். உபநயனம் யார் பண்ணி வெச்சா?”

“கமிட்டிதான் போட வெச்சாங்க.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். குருக்கள் சிரிக்கவில்லை. அவர் கெட்ட மனுஷரும் இல்லை. சங்கடத்தோடு ஒருமுறை தலைவரைப் பார்த்தார். தலைவர் தன் கைப்பேசியைப் பார்த்தார்.

“இது மாத்தற சடங்கு,” என்றார் குருக்கள். “போட்டுண்டு வந்திருந்தா மாத்திடலாம். தோள்ல ஒண்ணுமே இல்லையே. இல்லாதவருக்கு நான் எப்படிப் புதுசாப் போடறது? அது வேற கர்மா.”

தேவகி கரண்டியைப் போட்டது போட்டபடி மண்டபத்துக்குள் ஓடினாள். மாவுக்கை, முந்தானையைச் செருகிய கோலம், எதுவும் அவளுக்கு நினைவில்லை.

“சாமி, இருந்துச்சு சாமி! காலையில நான்தான் கழட்டுனேன். அழுக்கா இருக்குன்னு... இவரு வேணாம்னுதான் சொன்னாரு.”

அத்தனை தலைகளும் அவள் பக்கம் திரும்பின. கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்த பையனும் திரும்பினான். விக்னேஸ்வரன் வேகமாக எழுந்து வந்தார்.

“அக்கா, லைவ் போயிட்டு இருக்கு. நீங்க உள்ள போங்க.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அண்ணே, எந்திரிங்க. சாப்பாட்டுப் பக்கம் பாத்துக்கங்க. அப்பறம் பேசிக்கலாம்.”

இந்த விக்னேஸ்வரன் கல்யாணத்துக்குத் தாலியை எடுத்துக் கொடுத்த கை காளிதாசனுடையது. அந்தக் கையைத்தான் இப்போது முழங்கைக்குக் கீழே பிடித்து எழுப்பிவிட்டார், மரியாதையாக. காளிதாசன் எழுந்தார். அவர் உட்கார்ந்திருந்த பலகையைப் பக்கத்து ஆள் இழுத்துத் தன் பையை வைத்துக்கொண்டார். ஒலிபெருக்கியில் மந்திரம் மறுபடி ஆரம்பித்தது.

பந்தி நடந்தது. நடக்காமல் இருக்குமா? ஒன்றிரண்டு பேர் பழம் மட்டும் போதும் என்றார்கள். மற்றவர்கள் இலையை வழித்துச் சாப்பிட்டார்கள். பூணூலுக்கு ஆகாதவரின் பெண்டாட்டி சுட்ட வடையில் யாரும் ஒரு குறையும் காணவில்லை. இன்னொன்று, இன்னொன்று என்று வாங்கிச் சாப்பிட்டார்கள். காளிதாசன் வெறும் தோளோடு குனிந்து குனிந்து இலைகளில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்ததைத் தேவகியால் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. பாயசத்தைக் கொண்டுபோய் அத்தனை பேர் தலையிலும் ஊற்றிவிடலாமா என்று இருந்தது அவளுக்கு.

விக்னேஸ்வரன் கை கழுவிக்கொண்டு கொட்டகைக்கே வந்தார்.

“அக்கா, பாயசம் ஃபர்ஸ்ட் கிளாஸ். அடுத்த வருசமும் நீங்கதான்.”

“அவருக்கு என்ன சொல்றீங்க தம்பி?”

“யாருக்கு? அண்ணனுக்கா?” அவர் கைக்குட்டையை எடுத்து நிதானமாக விரல்களைத் துடைத்தார். “இவ்ளோ பேரு பாத்துட்டாங்க அக்கா. இனி நூல் இல்லாதவர உள்ள விட்டா நாளைக்கு நாலு பேரு கேப்பாங்க. அண்ணன் வெளிய இருந்து பாத்துக்கட்டும். அவருக்கும் வயசாவுதில்ல?”

“போன வெள்ளிக்கெழம வரைக்கும் உள்ளதான நின்னாரு?”

“போன வெள்ளிக்கெழம தோள்ல நூல் இருந்துச்சு லா அக்கா.”

அவர் போய் காரில் ஏறிக்கொண்டார். தேவகி அடுப்பின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த நூல் இருந்திருந்தால் மட்டும் விட்டிருப்பார்களா? வேறு ஏதாவது நொண்டிச் சாக்கு சொல்லித் தள்ளியிருப்பார்களா? இனி எந்தக் காலத்திலும் அது அவளுக்குத் தெரியப்போவதில்லை. வெளியே தள்ளக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தக் காரணத்தைச் சந்தனம் பூசி அனுப்பி வைத்தவள் அவள். அது மட்டும் நிச்சயம்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த காளிதாசனிடம் போய் நின்றாள்.

“கூலிம் கடையில பூணூலு விக்கிறாங்க. நான் போயி வாங்கிட்டு வந்துர்றேன். எப்பவும் போல நீங்களே போட்டுக்குங்க.”

“போட்டுக்கிட்டு உள்ள போனா, யாரு போட்டான்னு கேப்பாங்க,” என்றார் அவர். “எப்பவும் யாரும் கேட்டதில்ல. இப்ப கேட்டுட்டாங்க.”

“நான்தான் உங்கள...”

“அந்த அண்டாவ இப்பிடித் தள்ளு. அடி புடிச்சிருக்கு.”

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அறைந்திருந்தால்கூடத் தேவலை. அவர் தேங்காய் நாரை எடுத்து அண்டாவைத் தேய்க்க ஆரம்பித்தார்.

சாயங்காலப் பூசைக்கு டவுன்காரர்கள் யாரும் இல்லை. தோட்டத்துச் சனங்களும் பக்கத்துத் தாமான் குடியிருப்பிலிருந்து வருகிறவர்களும்தான். தேவகிக்கு அதில் ஒரு சின்னத் தெம்பு. இவர்கள் நம் சனங்கள். யாராவது ஒருத்தர், “எங்க நம்ம பூசாரி? ஏன் உள்ள காணோம்?” என்று கேட்காமலா போவார்கள்? கேட்டுவிட்டால் போதும், கூடச் சேர்ந்து தானும் கத்தலாம் என்று தூணோரம் நின்றாள்.

காளிதாசன் வந்தார். சட்டை போட்டிருந்தார். கோயிலுக்குள் அவரைச் சட்டையோடு அவள் பார்த்ததே இல்லை. ஒரு கணம் யாரோ வெளியூர்க்காரர் என்றே நினைத்துவிட்டாள். அவர் கம்பிக்கு வெளியே எல்லாரோடும் நின்று கும்பிட்டார். தீபாராதனை முடிந்து விபூதிக்கு வரிசை கட்டியபோது வரிசையிலும் நின்றார். சனங்கள் அவரைப் பார்த்தார்கள். சிலர் தலையசைத்தார்கள். ஒருவர்கூட ஒன்றும் கேட்கவில்லை.

குருக்கள் மேலேயிருந்து விபூதியை அவர் உள்ளங்கையில் போட்டார். விரல் படவில்லை.

அவருக்குப் பின்னால் குணசுந்தரி தன் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்தக் குழந்தைக்குத் தொட்டிலில் போட்டுப் பெயர் சொன்னதே காளிதாசன்தான். இத்தனை வருஷப் பழக்கம் எங்கே போகும்? அவர் கட்டை விரலை விபூதியில் தொட்டுக்கொண்டு, குழந்தையின் நெற்றிப் பக்கம் திரும்பினார்.

குணசுந்தரி இடுப்பை ஒடித்துக் குழந்தையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கோபமாக இல்லை, சிரித்த முகமாகத்தான்.

“இருக்கட்டும் அண்ணே. புள்ளைக்கு ஐயரு கையாலயே வாங்கிக்கிறேன்.”

தேவகி தூணை விட்டு ஓரடி முன்னால் வந்தாள். காலையில் பக்கத்தில் உட்கார்ந்து வடை தட்டியவள்தானே, இவளையாவது பிடித்து நாலு கேள்வி கேட்கலாம். ஆனால் என்னவென்று கேட்பது? அந்த ஐயர் கைக்கு ஆசைப்பட்டுத்தானே தானும் காலையில் அவர் தோளிலிருந்து நூலை உருவினாள்.

காளிதாசன் கையை இறக்கிக்கொண்டார்.

“ஆமாம்மா, அதான் சரி,” என்று சொல்லிவிட்டு, வரிசையிலிருந்து ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார்.