கடல்மேல் நின்ற நெருப்பு

மீன்பிடிக்கிற கோஸ்மாஸை எரித்த நெருப்பு, அவன் செத்த பிறகும் அணையாமல் ஒன்பது வருஷம் கடல்மேலேயே நின்றது. ஒரு பாய் விரித்த அகலம் இருக்கும். மழை அதை அணைக்கவில்லை, குளிர்காலத்து வடகாற்றும் அணைக்கவில்லை. முதல் மாதம் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து குருமார்கள் வந்து பார்த்து, தூபம் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். அப்புறம் படகுக்காரர்கள் பாறையைச் சுற்றிப் போவதுபோல் அதைச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டார்கள்.

எரித்தவன் போர்க்கப்பல் தலைவன் பர்தானிஸ். நெருப்பைப் பீய்ச்சுவதற்காகப் புதிதாக வார்த்த வெண்கலக் குழலை வெளிநாட்டுத் தூதர்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது. எரித்துக் காட்டுவதற்கென்று கட்டி இழுத்துவந்த பழைய ஓடம் பாதி வழியிலேயே மூழ்கிப்போனது. அந்த நேரம் பார்த்துக் கோஸ்மாஸ் படகு நிறைய கானாங்கெளுத்தியோடு கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். படகு தானாகக் குறுக்கே வந்து மாட்டிக்கொண்டது என்று பர்தானிஸ் எழுதிக் கொடுத்தான். தூதர்கள் மெச்சினார்கள். அவனுக்குப் பதவி உயர்ந்தது.

கோஸ்மாஸின் மனைவி அந்தூசா திராட்சைக் காடி புளிக்கவைத்து விற்பவள். கடல் நெருப்பு தண்ணீருக்கு அடங்காது, காடிதான் அதை அணைக்கும் என்பது அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். நாலு சாடி ஊற்றி அணைத்துவிடு, புருஷன் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று பக்கத்து வீட்டு மரோ சொல்லிப் பார்த்தாள். அந்தூசா கேட்கவில்லை. சனிக்கிழமைகளில், மற்றவர்கள் செத்தவர்களுக்காக வேகவைத்த கோதுமையோடு கோயிலுக்குப் போகும்போது, அவள் ஓடத்தைத் தள்ளிக்கொண்டு நெருப்பிடம் போனாள். ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெய் ஊற்றுவாள். பிறகு குனிந்து, நாய்க்குட்டியைப் பழக்குவதுபோல, பர்தானிஸ் என்ற ஒரே பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லுவாள்.

"அதுக்குக் காது இருக்காக்கா?" என்று மரோ கேட்டாள்.

"எனக்கு வாய் இருக்கு" என்றாள் அந்தூசா.

பத்தாம் வருஷம் வசந்தத்தில் நெருப்பு நகரத் தொடங்கியது. நாளுக்கு ஒரு முழம், கடலோரத்தில் பர்தானிஸ் கட்டியிருந்த வெள்ளைக்கல் மாளிகையை நோக்கி. அவன் தலைநகரில் இருந்த காடியையெல்லாம் வரவழைத்து ஊற்றினான். நெருப்பு அதைக் குடித்துவிட்டு மேலே நடந்தது. ஆனால் ஒருமுறை அந்தூசாவின் விரலில் ஒட்டியிருந்த காடி பட்டு அது ஒரு சாண் சுருங்கியதை ஒரு படகுக்காரன் பார்த்திருந்தான். அந்தப் பேச்சு காதில் விழுந்து, பர்தானிஸ் தானே அவள் கடைக்கு வந்தான்.

"என்ன வேணும்னாலும் தர்றேம்மா. ஒரு சாடி போதும்."

"எதுவும் வேணாம். அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சந்தையில நின்னு சொல்லுங்க."

"படகு குறுக்க வந்துச்சு."

"அப்ப இந்த நெருப்பும் குறுக்கதான் வருது ஐயா. ஒதுங்கி நில்லுங்க."

மாதா திருநாளன்று நடுப்பகலில் நெருப்பு படியேறியது. திரைச்சீலையைத் தொடவில்லை, வேலைக்காரியைத் தொடவில்லை, மேசையடியில் படுத்திருந்த பூனையைச் சுற்றிக்கொண்டு போனது. பர்தானிஸின் வலது கையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கை கருகவில்லை, கொப்புளிக்கவும் இல்லை. எரிச்சல் மட்டும் முதல் நொடியில் இருந்ததுபோலவே எப்போதும் இருந்தது. எரிகிற மனிதனை எந்தக் கப்பலும் ஏற்றவில்லை. பதவி போயிற்று, மனைவி தாய்வீடு போனாள். அவன் கையை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டுத் தூங்கக் கற்றுக்கொண்டான்.

மூன்று வருஷம் கழித்து மறுபடி அந்தூசாவிடம் வந்தான். வைக்கோல் கூரைக்கு எட்டாமல் கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அவன் எங்களப் பாத்தாம்மா. ராஜா கப்பல் தனக்கு வழிவிடுதுன்னு நெனச்சுட்டான் போல. ஒரு மீனைத் தூக்கிக் காட்டிச் சிரிச்சான். நான் பாத்தேன். பாத்துட்டுதான் குழலத் தெறந்தேன்."

கோஸ்மாஸ் சிரித்தான் என்பது அவளுக்குத் தெரியாது. அத்தனை வருஷமும் அவன் அலறுவதை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தவள். ஒரு சாடிக் காடியை அவன் முன்னால் தள்ளினாள். முழங்கைவரை முக்கினான், நெருப்பு அடங்கியது. மறுபடி சொல்லச் சொன்னாள். கோஸ்மாஸ் என்ன தொப்பி போட்டிருந்தான், மீனை எந்தக் கையில் பிடித்திருந்தான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவன் அழுதுகொண்டே சொன்னான். கடைசிச் சொல் முடிந்ததும் சாடியை இழுத்துக்கொண்டாள். நெருப்பு திரும்பி வந்து கையில் உட்கார்ந்தது.

"சொன்னா தர்றேன்னியே."

"அது பழைய வெலை. இனிமே சனிக்கிழமை சனிக்கிழமை வாங்க. சொல்ற வரைக்கும் கை உள்ள இருக்கட்டும்."

பத்தொன்பது வருஷம் வந்தான். மெதுவாகச் சொல்லப் பழகினான். இல்லாததைச் சேர்த்து நீட்டினால் சாடிக்குள்ளேயே கை பற்றிக்கொண்டது. அதனால் உள்ளதை மட்டும் சொன்னான். அந்தூசா ஒருநாளும் அவனுக்கு ஒரு மூச்சு நேரம் அதிகம் கொடுத்ததில்லை. சாகும்போதும், காடி முழுவதையும் தரையில் கொட்டச் சொல்லி, கொட்டி முடிந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினாள்.

அடுத்த சனிக்கிழமை பர்தானிஸ் வந்தான். பூட்டிய கதவின் முன்னால் நின்று, கை எரிய எரிய, முழுவதையும் சொன்னான். அதற்கடுத்த வாரமும் வந்தான். கதவு பற்றிக்கொள்ளப் போகிறதென்று மரோவின் மகன் தெரு நடுவே ஒரு கல்லைப் புரட்டிப் போட்டு, அங்கே உட்கார்ந்து சொல்லும்படி கேட்டுக்கொண்டான். வெங்காயம் வாங்கப் போகிறவர்கள் கோஸ்மாஸ் மீனைத் தூக்கிக் காட்டும் இடம்வரை நின்று கேட்டுவிட்டு, நேரமாகிறதென்று போனார்கள்.