எல்லைக்கம்பி அறுந்த வெள்ளி

மெல்பர்ன் நகரின் தென்கிழக்கே, வளைகுடாவின் உப்புக்காற்று நுழைந்து திரும்பும் தெருக்களின்மேல், இலையுதிர்காலத்து வெள்ளிக்கிழமையின் பிற்பகல் வெயில் நீண்டு சாய்ந்து கிடந்தது. மின்வண்டிகள் மணியொலித்துச் செல்ல, அகன்ற இலை மரங்கள் தம் முதற்சருகுகளை அவற்றின் தடத்தில் உதிர்க்க, யூதர் இல்லங்களின் அடுப்பறைகளினின்று பின்னல் அப்பத்தின் மணம் எழுந்து பரவ, ஓய்வுநாளை வரவேற்கும் பேச்சும் சிரிப்பும் தெருவெங்கும் நிறைந்திருக்க வேண்டிய வேளை அது. மணம் மட்டுமே இருந்தது. பள்ளி மதிலில் யாரோ எழுதிச் சென்ற வசைமொழி, இருமுறை வெள்ளையடித்த பின்னும், வெயில் சாயும் அப்பொழுதில் மட்டும் சுண்ணத்தின் அடியிலிருந்து மங்கலாக மேலெழுந்து நின்றது. அவ்வழிச் சென்றோர் அதனைக் காணாதவர்போல் கண்டு நடந்தனர்.

அம்மதிலோரம், கம்பங்களின் உச்சியை அண்ணாந்து நோக்கியபடி, எஃப்ரெம் லுஸ்டிக் நடந்துகொண்டிருந்தார். வெள்ளி மாலை பொழுது சாய்ந்தது முதல் மறுநாள் இருட்டும்வரை நீளும் ஓய்வுநாளில் வீட்டுக்கு வெளியே எதனையும் சுமத்தல் ஆகாது என்பது அம்மக்களின் நெறி; கைக்குழந்தையைத் தூக்கலும், நடக்கவியலாதாரை நாற்காலியில் வைத்துத் தள்ளலும் ஆகா. ஆயின் ஊரைச் சுற்றி இடையறாது ஒரு கம்பி ஓடுமாயின், அதனுள் அடங்கிய தெருக்களெல்லாம் ஒரே வீட்டின் அறைகளாகும். அயலார் கண்ணுக்குப் பல்லாயிரம் கம்பிகளுள் ஒன்றாய்த் தோன்றும் அதனை வெள்ளிதோறும் நடந்து நோக்கி, முழுதாய் உள்ளது என ஊருக்கு அறிவித்தல், பதினெட்டு ஆண்டுகளாக அவர் ஏற்றிருந்த தொண்டு.

ஓடைப்பாலத்தருகே அவர் கால்கள் நின்றன. மூன்று கம்பங்களின் இடையே கம்பியே இல்லை. புயலில் அறுந்த முனை பிசிறாய்த் தொங்கும். இம்முனையோ நகம் வெட்டினாற்போல் ஒழுங்காய் இருந்தது. சென்ற இரு கிழமைகளிலும் இப்படியே அறுத்திருந்தனர். அப்போது, கிடந்த கம்பியை எஃப்ரெமே இழுத்து முடிச்சிட்டுவிட்டார். இம்முறை முடிச்சிடுவதற்கும் ஏதுமில்லை. அறுத்தவன் எவனாயினும், எத்தனையோ கம்பிகளுக்கு நடுவே இதனைத் தேடிக் கண்டவன். இது அறுந்தால் எந்தத் தாய் வீட்டினுள் அடைபடுவாள் என்பதைக் கற்றறிந்தவன். அந்தக் கல்வியை எண்ணியபடி எஃப்ரெம் தெருவின் இருபுறமும் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் அவருடைய தாய் ஸ்லாட்டா தம் தந்தைக்கு இரங்கும் நாள். தொண்ணூறை நெருங்கிய அவ்வம்மையின் தந்தை இறந்த நாளை அறிந்தார் எவருமிலர். ஆகலின், போர்க்காலப் போலந்து நாட்டில், யூதரை அடைத்த முகாமொன்றின் வாயிலில், மூட்டையோடு நின்ற கூட்டத்தினிடையே, தம் ஐந்து வயதில் அவரைக் கடைசியாகக் கண்ட நாளையே நினைவுநாளாகக் கொண்டிருந்தார். ஆண்டுதோறும் அந்நாளில், மகன் இரங்கல்மொழி ஓத, தொழுகைக்கூடத்தில் இருந்து கேட்பார், ஒருமுறையும் தவறியதில்லை. இப்போது சக்கர நாற்காலி இன்றி அவரால் வாசலைக் கடக்க இயலாது.

எஃப்ரெம் கைப்பேசியில் கூடத்தின் தலைவர் கெர்ஷன் பில்சிக்கை அழைத்தார்.

"கம்பியைத் திரும்பவும் வெட்டிட்டாங்க. மாட்டற ஏணி வண்டி திங்கக்கிழமைதான் வருமாம்."

"அப்போ யாருக்கும் சொல்லாத," என்றார் கெர்ஷன். "போன வாரமே பாதி நாற்காலி காலி. திரும்பவும் வெட்டிட்டாங்கன்னு தெரிஞ்சா, நாளைக்கு நீயும் நானும் சுவரும்தான்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் எதுக்கு? கண்ணாடி போட்டுக்க மறந்துட்டேன்னு வச்சுக்க. நீ போட்டாலும் அப்படித்தானே பாக்குற."

எஃப்ரெம் சிரிக்கவில்லை. பேசாதிருந்தால் தாய் தம் தந்தைக்கான சொற்களைக் கேட்பார். கூடமும் ஓரளவு நிறையும். ஆயின் தெரியாமலே நெறி தவறிய மக்களால் நிறைந்த கூடமாக அது இருக்கும். அறுத்தவனின் கையோடு தம் கையும் சேர்ந்ததாகும். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று, எழுத்தெழுத்தாய்த் தட்டி ஊருக்கு அனுப்பினார்: கம்பி அறுக்கப்பட்டது. பொழுது சாய்ந்தது முதல் வெளியே எதையும் சுமக்க வேண்டா.

முதலில் அழைத்தவள் ஷிஃப்ரா, ஆறு திங்கள் நிறைந்த இரட்டையரின் தாய்.

"எஃப்ரெம் மாமா, ரெண்டையும் தூக்காம நான் எப்படி வர்றது? அவளுங்களே நடந்து வரணும்னா இன்னும் ஒரு வருஷம் ஆகும்."

"வீட்லயே இரும்மா."

"மூணு வாரமா பயந்துக்கிட்டு வீட்லதான் இருக்கேன். திரையைக்கூட விலக்கல." பின் கேட்டாள். "நம்ம கூடத்தைச் சுத்தி மதில் இருக்கில்ல? மதிலுக்குள்ள தூக்கலாம்ல?"

"தூக்கலாம்."

"அப்போ பொழுது சாயறதுக்குள்ள தூக்கிட்டு வந்துடறேன். நாளைக்கு இருட்டற வரைக்கும் அங்கேயே கிடக்கறோம். கெர்ஷன் மாமா குறட்டையை எல்லாரும் கேக்கட்டும். பாவம், அவர் வீட்டம்மா மட்டும் எத்தனை வருஷம் கேப்பாங்க."

அச்சொல் ஓர் இல்லத்தினின்று மற்றோர் இல்லத்துக்குத் தாவிற்று. வீடுகளில் தனித்தனியே அஞ்சியிருந்தோர், அஞ்சியபடியே, பாய்களையும் போர்வைகளையும் கட்டினர்; கலங்களில் மீனையும் துணியில் அப்பத்தையும் பொதிந்தனர். கதிரவன் கூரைகளைத் தொடும் வேளையில், பல திங்களாய் வாராதார் முகமெல்லாம் கூடத்தின் வாயிலை நோக்கி வந்தன. சட்டைக்குள் மறைத்திருந்த, யூதரின் அடையாளமான அறுமுனை விண்மீன் பதக்கத்தை ஒருவன் நடந்தபடியே வெளியே எடுத்துவிட்டான்.

எஃப்ரெம் தாயின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வாயிலுக்குச் சில அடிகள் முன்னே ஸ்லாட்டா சக்கரத்தைக் கையால் பற்றி நிறுத்தினார். மாலை வெயில், உயர்ந்த மதில், திறந்த இரும்புக் கதவு, அதன்முன் மூட்டைகளோடு மக்கள்.

"என்னடா இது, எல்லாரும் மூட்டையோட?"

"ஒரு நாள் தங்கப் போறாங்கம்மா."

"அன்னைக்கும் அப்படித்தான் சொன்னாங்க."

வரிசை அவர்களைக் கடந்து நகர்ந்தது. ஒரு குழந்தை மூட்டையின்மேல் அமர்ந்து அம்மையை வெறித்து நோக்கிற்று.

"இந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?"

"உள்பக்கம்மா."

"போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

ஆயிரம் முறை கடந்த வாயிலுக்கு, முதன்முறை வருபவர்போல் எஃப்ரெம் சென்றார். கதவின் இருபுறமும் நோக்கி, இரும்பைக் கையால் தடவிப் பார்த்துத் திரும்பினார்.

"உள்பக்கந்தான்."

"அப்போ தள்ளு," என்றார் ஸ்லாட்டா. "கெர்ஷன் பக்கத்துல மட்டும் என்னைப் போட்டுடாத."

விளக்கேற்றும் வேளை நெருங்க, தெரு வெறுமையாயிற்று. கதவடைக்க வந்த மகனை விலக்கி, தாழ்ப்பாளைத் தாமே இடுவதாகச் சொன்ன ஸ்லாட்டா, கையை அதன்மேல் வைத்தவாறே இருள்கவியும் தெருவை நோக்கியிருந்தார்.

"இன்னும் யாராவது வரணுமாம்மா?"

"எங்கப்பா வரமாட்டார். கொஞ்சம் பாத்துட்டுப் போடறேன்."

உள்ளே ஷிஃப்ராவின் இரட்டையருள் ஒருத்தி அழத் தொடங்க, யார் யாரோ கை நீட்டினர். இழந்தோரை அழைத்துவர எந்தக் கதவாலும் இயலாது. இருப்போர் தம் கையால் அடைக்கும் கதவு ஒன்று இருத்தல், அவ்வொரு நாளுக்குப் போதியதாயிற்று. இரும்பு மெல்ல நகர்ந்து, உள்பக்கத்தில் பொருந்திற்று.