வேறு கை பட்ட ரிப்போர்ட்

லிஃப்ட் மெக்கானிக் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டுவதை நிறுத்திவிட்டார். டீச்சருக்கு அங்கேதான் பொறி தட்டியது.

கல்யாணமான நாளிலிருந்து வீட்டு வழக்கம் அது. எந்தக் கட்டடத்தில் லிஃப்டைச் சரிசெய்தாலும் கம்பெனிக்கு அவர் கைப்பட இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதிக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் ஒரு துண்டுத்தாளில் கிறுக்கி நீட்டுவார். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுக்கிற மனைவி திருத்தித் தருவாள். அவருக்கு எல்லாமே துண்டு துண்டாகத்தான் வரும். கயிறு தேய்ந்தது. கயிறு மாற்றினேன். இரண்டையும் 'விச்' போட்டு ஒட்டுவது அவள் வேலை. தமிழில் 'தேய்ந்த கயிறு' என்று முன்னால் வருவது இங்கிலீஷில் கயிற்றுக்குப் பின்னால் வாலாக வரும். அந்த வால் மட்டும் அவருக்குப் பிடிபடவேயில்லை. 'ஹூ' போட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்திலேயே ஒரு 'ஷீ'யும் போடுவார்.

"இப்பல்லாம் ரிப்போர்ட்டே இல்லையாங்க?"

"இருக்கே."

"யார் பாக்குறா?"

"நானே பாத்துக்கறேன்" என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் அவள் பையைத் திறந்தாள். ரிப்போர்ட் சுத்தமாக இருந்தது. 'ஹூ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஹூ', 'விச்' இருக்க வேண்டிய இடத்தில் 'விச்', கமாகூடச் சரி. சந்தோஷப்பட வேண்டியவளுக்கு வயிறு எரிந்தது. கம்ப்யூட்டரில் தட்டி வாங்கியதும் இல்லை. பேனாவால் அடித்து அடித்துத் திருத்தியிருந்தது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறார்கள். அந்த 'யாரோ' மறு நிமிஷமே 'எவளோ' ஆகிவிட்டாள்.

கம்பெனியில் புகார் போன் எடுக்கிற பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். குரலிலேயே தேன் ஒழுகும். அன்றிலிருந்து டீச்சர் சாப்பாடு பரிமாறிக்கொண்டே விசாரணை நடத்தினாள்.

"அந்தப் போன் பொண்ணு இங்கிலீஷ் நல்லா பேசுமோ?"

"பேசும்."

"எழுதவும் எழுதுமோ?"

"எனக்கென்ன தெரியும்? குழம்பு ஊத்து."

பார், எப்படி மழுப்புகிறார்! அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷக் குடித்தனம் எவளோ ஒருத்தி கையில் போகிறதே என்று இரவெல்லாம் புரண்டாள்.

சனிக்கிழமை "ஒரு வேலை இருக்கு" என்று அவர் கிளம்பியதும் பின்னாலேயே கிளம்பினாள். முன்வாசலில் அவர், பின்வாசலில் முக்காடு போட்டுக்கொண்டு இவள்; ஒரே பஸ். எங்கோ இறங்குவார் என்று பார்த்தால் அவள் தங்கை வீட்டு நிறுத்தத்தில் இறங்கினார். தங்கை வீட்டுக்குள்ளேயே நுழைந்தார். சொந்தத் தங்கையா? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று படியேறினாள்.

கதவு திறந்தே இருந்தது. தங்கை புருஷன் ஒரு மூலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மேஜையில் மெக்கானிக் குனிந்து எழுத, தங்கை எதிரில் இருந்தாள்.

"லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டது யாரு மாமா? அந்தம்மாதானே? அப்ப அவங்களை ஒட்டியே 'ஹூ' வரணும்."

டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். "அட ராமா, இதுக்கா இத்தனை திருட்டுத்தனம்? என்கிட்டயே கேட்டிருக்கலாமே!"

யாரும் சிரிக்கவில்லை. தங்கை மேஜையைப் பார்த்தாள்.

"கேட்டேனே" என்றார் அவர். "இவ பையன் பொறந்தநாளுக்கு அத்தனை சொந்தக்காரங்க நடுவுல என் துண்டுத்தாளைப் படிச்சுக் காட்டினே. 'ஹூ ஷீ'ன்னு ரெண்டு தடவை சொன்னே. எல்லாரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. இன்னிக்கும் உன் அண்ணன் என்னை 'ஹூஷீ மாப்பிள்ளை'ன்னுதான் கூப்பிடறார்."

"சும்மா விளையாட்டுக்குங்க..."

"தெரியும்."

கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் அவளைச் சுட்டது. இன்னொருத்தி இருந்திருந்தால் மல்லுக்கட்டி ஜெயித்திருப்பாள். இங்கே மல்லுக்கட்ட யாருமில்லை; இவளிடமிருந்து ஒளிந்துகொள்ளத்தான் மனுஷன் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

"இனிமே நானே சொல்லித் தர்றேங்க. சத்தியமா சிரிக்க மாட்டேன்."

"வேண்டாம். இங்கயே இருக்கட்டும்" என்றவர் தங்கை பக்கம் திரும்பினார். "அடுத்தது சொல்லும்மா."

போகச் சொல்வாரோ என்று அவள் கொஞ்ச நேரம் நின்றாள், அவர் நிமிரவில்லை. இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் நாற்காலியில் கிடந்த துணியை எடுத்துவிட்டு, "உக்காருங்க அண்ணி, முடிய நேரமாகும்" என்றார். பிள்ளையை டியூஷனுக்குக் கூட்டிவந்த அம்மா மாதிரி, டீச்சர் வாசல் ஓரமாக உட்கார்ந்தாள்.