காவள்ளிக்கு வைத்த வெற்றிலைத் தட்டு

காவள்ளிக்கிழங்கை ஒருவர் அவமானப்படுத்திவிட்டால், அவரே வெற்றிலைத் தட்டு வைத்து அழைக்கும்வரை அது அந்த வீட்டுக்குத் தன் சத்தைத் தராது. வேகவைக்கலாம், தின்னலாம், வயிறும் நிறையும். உடம்பில் ஒன்றும் ஒட்டாது.

என் மனைவி பகவதிக்கு எழுந்து நிற்கவும் தெம்பில்லாமல் போனது. டாக்டரம்மா கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

"டானிக் எதுவும் இவங்களுக்கு ஏறல. காவள்ளி கொடுங்க. யாரும் சீண்டுறதில்ல, ஆனா அவ்வளவு சத்து." பிறகு என்னைப் பார்த்தார். "உங்களுக்கும் அதுக்கும் ஏதாவது மனத்தாங்கல் உண்டா?"

உண்டு. பதினோரு வருஷமாக உண்டு. என் மகன் கல்யாணத்துக்கு பகவதியின் தம்பி செல்லக்கண் சீர் என்று கொண்டுவந்தது ஒரே ஒரு காவள்ளி. சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பன்னி திங்கிறதைப் பந்தியில போடச் சொல்றியா?" என்று அதைக் கொல்லையில் எறிந்தேன். அவன் கை நனைக்காமல் போய்விட்டான். இனி நீ அவன் வாசலை மிதிக்கக் கூடாது என்று பகவதியிடம் சொன்னேன். சொன்னது சரிதான். இப்போதும் சொல்வேன்.

எறிந்த இடத்திலேயே கிழங்கு ஆள் உயரத்துக்குப் பருத்திருந்தது. மகனிடம் தட்டைக் கொடுத்துக் கொல்லைக்கு அனுப்பினேன். தட்டோடு திரும்பி வந்தான்.

"ஆள் விட்டுக் கூப்பிட்டா வரமாட்டாராம்பா."

நானே போனேன். என் அப்பா சாவுக்கு வராத சித்தப்பாவிடம்கூட நான் இறங்கிப் போனதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தட்டை நீட்டினேன்.

"பேசினது தப்புதான். வாரும்."

"எந்தப் பேச்சு?" என்றது கிழங்கு.

"பன்னி திங்கிறதுன்னு சொன்னது."

"இன்னும் கொஞ்சம் சத்தமா. உள்ளே படுத்திருக்கிறவளுக்கும் கேக்கட்டும்."

தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அது மண்ணை உதறிவிட்டு அடுப்படிக்கு வந்து, அரிவாள்மணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

தினம் ஒரு துண்டு. பத்தாம் நாள் பகவதி சுவரைப் பிடித்து நின்றாள். இருபதாம் நாள் தண்ணீர்க் குடம் தூக்கினாள். முப்பதாம் நாள் பையில் சேலைகளை அடுக்கினாள்.

"எங்க?"

"தம்பி வீட்டுக்கு."

"நான் சொன்னது மறந்துபோச்சா?"

"மறக்கல. போறதுக்குத்தான் தெம்பில்லாம இருந்துச்சு."

மிச்சமிருந்த பாதிக் கிழங்கும் கிளம்பியது. பஸ் ஸ்டாப் வரை பின்னாலேயே திட்டிக்கொண்டு போனேன். படியில் ஏறியவள் திரும்பிப் பார்த்தாள்.

"கூப்பிடணும்னா தட்டோட நீங்களே வாங்க. ஆள் விடாதீங்க."

கிழங்கு ஜன்னலோரம் உட்கார்ந்தது. பக்கத்தில் அவள். நடத்துனர் அவளுக்கு ஒரு முழு டிக்கெட்டும் கிழங்குக்கு ஒரு அரை டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்தார்.