செண்பகவல்லிக்கு விழுந்த திரை

எந்தச் சன்னிதி முன்னால் செண்பகவல்லி போய் நின்றாலும் அங்கே திரை விழுந்துவிடும். தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய வருஷத்தில் இது தொடங்கியது. மும்பைத் தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்தில் இரண்டையும் ஒரே மூச்சில்தான் பேசினார்கள். தக்காளியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக. அதற்கு முன்னால் இப்படி ஒன்று இருப்பது யாருக்கும் தெரிய வழியில்லை. அவள் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் தாராவியில்தான். சந்து முனைப் பிள்ளையாருக்குக் கம்பிக்கதவு உண்டு, திரை கிடையாது. கோவில்பட்டி அம்மன் பேரை வைப்பதாக நேர்ந்துகொண்டு பெற்ற பெண் என்பதால் செண்பகவல்லி என்று பெயர். அந்தப் பெயருக்குரியவளை ஒரு தடவையாவது முகத்துக்கு முகம் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவள் வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆசை. வாய்விட்டுச் சொல்லாத ஆசை ஒன்றும் இருந்தது. அது அவளுக்கே அப்போது தெரியாது.

அவளுடைய கணவர் வானமாமலை வீட்டு மச்சில் தையல் மிஷின்களைப் போட்டுப் பள்ளிக்கூடப் பைகள் தைத்துக் கொடுப்பவர். மேலே பைகள், கீழே குடும்பம். கீழே என்பது ஒரே அறை. அடுப்பு, கட்டில், பீரோ, சுவாமி படம், மூலையில் குளிக்கவும் பாத்திரம் கழுவவுமான மோரி எல்லாம் அதற்குள். மகன் மகேஷ்குமார், மருமகள் மாலதி, மேலே தைத்து மேலேயே தூங்கும் ஆட்கள் என எல்லோரும் அந்த அறை வழியாகத்தான் வரவேண்டும், போகவேண்டும். செண்பகவல்லி இத்தனை வருஷமாகப் பாதி திறந்த பீரோக் கதவுக்குப் பின்னால் நின்று சேலை மாற்றினாள். எல்லோரும் சாப்பிட்டுப் போனபிறகு மோரிப் பக்கமாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டு வாய்க்கு ஒருமுறை யாராவது எதையாவது கேட்பார்கள். துண்டு எங்கே, சார்ஜர் எங்கே, அந்த நீல நூல்கண்டு எங்கே. எல்லாம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும் என்பதுதான் அவள் மேல் இருந்த ஒரே குற்றம்.

மாதுங்காவில் இருக்கும் பத்ரிநாராயணன், ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றபின் வருஷத்துக்கு ஒருமுறை ஆட்களைத் திரட்டித் தமிழ்நாட்டுக் கோயில் ஊர்களுக்கு யாத்திரை கூட்டிப்போவார். சென்னை வரை ரயில், அங்கிருந்து பஸ். கழுத்தில் விசில் தொங்கும். ஒரு கோயிலுக்கு இருபது நிமிஷம்; பெரிய கோயிலானாலும் அதே இருபதுதான், ஏனென்றால் அவர் யாருக்கும் பட்சபாதம் காட்டுவதில்லை. அந்த வருஷம் பஸ்ஸில் இரண்டு இடம் காலியாக இருக்க, வானமாமலை மனைவியைக் கூட்டிக்கொண்டு ஏறினார்.

காஞ்சிபுரத்தில் முதல் திரை விழுந்தது. நைவேத்தியம் என்றார்கள், சரி என்று எல்லோரும் காத்திருந்தார்கள். விசில் அடித்தது, கிளம்பினார்கள். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலில் பூஜை இல்லை, ஆகவே திரையும் இல்லை. அங்கே மட்டும் அவள் ஒவ்வொரு கல்லாக ஆசை தீரப் பார்த்தாள். சிதம்பரத்தில் திரைக்குப் பின்னால் இருப்பது வெறும் வெளிதான் என்றும், தங்க வில்வ இலைகள் தொங்கும், அதுதான் ரகசியம் என்றும் பத்ரி பஸ்ஸிலேயே விளக்கியிருந்தார். மற்றவர்களுக்குத் திரை விலகியது; அவர்கள் ஒன்றுமில்லாததைக் கண்குளிரப் பார்த்துவிட்டு வந்தார்கள். செண்பகவல்லி முன்னால் வந்ததும் திரை மூடிக்கொண்டது. ஒன்றுமில்லை என்பதைக்கூட அவளுக்குக் காட்ட மறுத்துவிட்டார்களே என்று பின் சீட்டுக்காரர்கள் வருத்தப்பட்டார்கள். கும்பகோணத்துக்குள் நுழையும்போது விஷயம் பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. அவள் பக்கத்தில் நிற்பவருக்கும் தரிசனம் கிடைப்பதில்லை என்று கணக்குப் பார்த்துச் சொன்னார்கள்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்கோ," என்றார் பத்ரி. "நீங்க மாத்திரம் சித்த கடைசியா வாங்கோ. எல்லாருக்கும் ஆனப்புறம் நிதானமா சேவிச்சுக்கலாம், கேட்டேளா?"

அதன்பிறகு அவள் செருப்புகளுக்கும் பைகளுக்கும் காவலாக வெளியே உட்கார்ந்தாள். தஞ்சாவூரில் பெரிய கோயில் புல்தரையில் அப்படி உட்கார்ந்திருந்தபோது, யாரும் தன்னிடம் எதுவும் கேட்கவில்லை என்பதை அவள் கவனித்தாள். செருப்புகள் எதையும் கேட்பதில்லை. கவனித்ததும் அவளுக்கு ஏதோ திருடிவிட்டதுபோலக் கூச்சமாகிவிட்டது. எழுந்து அந்தச் செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கி வைத்தாள்.

கடைசி ஊர் கோவில்பட்டி. அங்கே மட்டும் அவளை முதலில் விட வேண்டும் என்று வானமாமலை சண்டை போட்டு வாங்கினார். பேருக்குரியவள் கைவிட மாட்டாள் என்று பஸ்ஸே நம்பியது. செண்பகவல்லி அம்மன் சன்னிதிக்கு முன்னால் செண்பகவல்லி போய் நின்றாள். சிவப்புத் திரை, மஞ்சள் கரை. விழுந்தது. பின்னால் பஸ் முழுக்க ஒரு பெருமூச்சு விட்டது. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவளோ பக்கத்தில் நின்ற பட்டரிடம், "உள்ள என்ன நடக்கு சாமி?" என்று கேட்டாள்.

"அம்பாள் சாப்பிடறா. சாப்பிடறச்சே யாரும் பாக்கப்படாது, அதான் திரை. இதுகூடத் தெரியாதா?"

தெரியும்தான். எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் தெரிந்த விஷயம் ஒன்று சில சமயம் முதல் தடவையாகக் காதில் விழும். உள்ளே ஒருத்தி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். ஊரே வெளியே கைகட்டி நிற்கிறது. உப்பு எங்கே, துண்டு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் இப்படி ஒன்று விழுந்தால் எப்படி இருக்கும் என்று செண்பகவல்லி நினைத்தாள். அது வேண்டுதல் என்று அவளுக்குத் தெரியாது. அதைக் கேட்க வேண்டிய அம்மனோ அருகில்தான் இருந்தாள். சாப்பாட்டில் இருந்தாலும் காது திறந்துதானே இருக்கும்.

தாராவிக்குத் திரும்பி வந்த வாரத்தில், ஒரு மதியம், மேலே உள்ள ஆட்களெல்லாம் சாப்பிட்டுப் போனபிறகு அவள் தட்டைப் போட்டு உட்கார்ந்தாள். உத்தரத்திலிருந்து திரை விழுந்தது. சிவப்பு, மஞ்சள் கரை. மோரிப் பக்கத்து மூலையை அப்படியே சுற்றி மறைத்துக்கொண்டது.

"ஏட்டி! என்னட்டி இது?" என்று வானமாமலை துணியைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. பழக்கதோஷத்தில் விரல்களால் உருட்டிப் பார்த்தார், கலப்பில்லாத பட்டு. ஓரம் மடித்துத் தைத்த தடமே எங்கும் இல்லை. எத்தனையோ அடுக்கு ரெக்ஸினை ஒரே வெட்டில் வெட்டும் அவருடைய கத்தரி அந்தத் துணியின்மேல் வாயை மூடிக்கொண்டு வெறுமனே வெளியே வந்தது.

"அரே அம்மா, க்யா ஹுவா, என்னாச்சு? வெளிய வா!" என்று மகேஷ்குமார் கத்தினான்.

"சாப்பிடுதேன்ல," என்றாள் உள்ளேயிருந்து.

கை கழுவியதும் திரை எழும்பிப் போய்விட்டது. மணி எதுவும் அடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது, அதுவே போதுமானதாக இருந்தது. மறுநாளும் விழுந்தது. அதற்கு அடுத்த நாளும். ஒரு வாரத்தில் சந்துக்காரர்கள் மதியம் வந்து வாசலில் நின்று, திரை விலகும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டு போகத் தொடங்கினார்கள். உள்ளே அவள் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. மெதுவாகச் சாப்பிட்டாள். தான் மெதுவாகச் சாப்பிடுகிறவள் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு நினைப்பு தொடங்கினால் அதை நுனிவரை நினைத்துப் பார்க்க முடிந்தது. அப்படி முழுதாக நினைத்துப் பார்த்ததில் முதலில் கிடைத்த முடிவு, கத்தரிக்காய் தனக்குப் பிடிக்காது என்பது. கல்யாணமான நாளிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் அதைத்தான் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறாள். அவள் தனியாக, சத்தமில்லாமல் சிரித்தாள்.

வீட்டார் பயந்துபோனார்கள். மாதுங்காவிலிருந்து பத்ரிநாராயணன் வரவழைக்கப்பட்டார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, திரை விழுவதையும் விலகுவதையும் பார்த்து, கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டார். போன இடத்திலெல்லாம் தரிசனம் தடைப்பட்டது, அதே தடை வீடுவரை தொடர்ந்து வந்துவிட்டது, அம்பாளுக்கு ஏதோ மனக்குறை, மறுபடி ஒரு சுற்றுப் போய்ப் பரிகாரம் செய்தால் சரியாகிவிடும் என்றார். செண்பகவல்லி வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால், எனக்குத் தனியாக இருக்கப் பிடித்திருக்கிறது என்பதை வீட்டு மனுஷர்களிடம் நோகாமல் சொல்ல ஒரு வாக்கியம் அவளுக்குக் கிடைக்கவில்லை. திரைக்குள் உட்கார்ந்து எப்படியெல்லாமோ சொல்லிப் பார்த்தாள். எப்படிச் சொன்னாலும் அது, நீங்கள் எனக்கு வேண்டாம் என்றுதான் கேட்டது. அவர்களோ அவளுக்கு வேண்டும். சாப்பிட்டு முடித்தபின் எல்லோரும் வேண்டும். ஆகவே பேசாமல் பெட்டி கட்டினாள். திரை போய்விடுமே என்ற பயத்தைப் புடவைகளுக்கு அடியில் மடித்து வைத்துக்கொண்டாள்.

இரண்டாவது யாத்திரைக்கு இடமெல்லாம் உடனே நிரம்பிவிட்டது. தரிசனம் எங்கும் கிடைக்கும், திரை விழுவதை எங்கே பார்ப்பது என்று தூரத்து முலுண்டிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். எலுமிச்சை விளக்கு, நெய் விளக்கு, குளத்தில் முழுக்கு, ஒன்றும் விடவில்லை. ஒவ்வொரு சன்னிதியிலும் கணவர் திரை போக வேண்டும் என்று வேண்ட, மனைவி அதே நேரத்தில் போகக் கூடாது என்று வேண்டினாள். சாமிகள் இருவர் பேச்சையும் கேட்டுக்கொண்டு, வழக்கப்படி எதுவும் சொல்லவில்லை.

கோவில்பட்டிக்கு வானமாமலை ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தார். அம்மனுக்குச் சாத்த ஒரு புதுத் திரை. சிவப்புத் துணி வாங்கி, மஞ்சள் கரை வைத்து, பை ஆர்டரையெல்லாம் நிறுத்திவிட்டு அவரே உட்கார்ந்து தைத்தது. வாழ்நாளெல்லாம் தைத்த மனுஷர், மனைவிக்கென்று ஒரு ரவிக்கைகூடத் தைத்ததில்லை. இது அவளுக்காகத் தைத்ததுதான். தாயே, இதை வைத்துக்கொள், அவள்மேல் போட்டதை எடுத்துக்கொள் என்று வேண்டிக் கண்கலங்கினார். அதைப் பார்த்தபோது செண்பகவல்லிக்கு நெஞ்சு கொஞ்சம் ஆடிப்போனது உண்மை.

புதுத் திரை கட்டப்பட்டது. நைவேத்தியம் உள்ளே போனது. செண்பகவல்லி முன்னால் வந்து நின்றாள். பட்டரின் கை கயிற்றைத் தொடுவதற்கு முன்பே, திரை தானாக விலகியது. பஸ் முழுக்க ஓவென்று கூவியது. பத்ரிநாராயணன் விசிலை ஊதியேவிட்டார். எல்லோரும் பார்த்தார்கள்: தீபம், மூக்குத்தி, முகம். செண்பகவல்லி மட்டும் கண்களை இறுக மூடியிருந்தாள்.

"ஏட்டி, கண்ணத் தொற! தொறந்திருக்கு பாரு! பாரு!" என்று வானமாமலை அவள் தோளை உலுக்கினார்.

பிறந்ததிலிருந்து ஆசைப்பட்ட முகம் ஒரு இமைக்கு அந்தப் பக்கம் இருந்தது. இமைக்குள் தீபத்தின் சிவப்பு தெரிந்தது. ஒரு பார்வை பார்த்தால் கணக்குத் தீர்ந்துவிடும். கணவர் தைத்த திரை இங்கே இருந்துவிடும், வீட்டில் இவளுக்கு விழும் திரை போய்விடும். அவள் அதற்காக மட்டும் கண்ணை மூடவில்லை. தன் மூலையில், பாதிச் சாப்பாட்டில், யாராவது திரையை விலக்கினால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"சாப்ட்டு முடிக்கட்டும்ங்க," என்றாள்.

பட்டர் திரும்பிப் பார்த்தார். சர்க்கரைப் பொங்கல் உள்ளே ஆவி பறக்க இருந்தது. அவசரமாகத் திரையை இழுத்து மூடினார். அந்தத் திரை, தைத்தவரின் கைத்திறனால், கொஞ்சம்கூடச் சுருங்காமல் விழுந்தது.

பஸ் சாத்தூரைத் தாண்டியது. வானமாமலை ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்:

"தெரிஞ்சுதான் கண்ண மூடுனியா?"

"ஆமா."

"வீட்ல விழுதுல்லா, அது ஒனக்குப் பிடிச்சிருக்கா?"

"ஆமா."

"நாங்க என்னட்டி செஞ்சோம் ஒன்ன?"

"நீங்க ஒண்ணுஞ் செய்யல. நான் சாப்பிடுதேன். அவ்வளவுதான்."

அவர் மதுரைவரை அதை யோசித்தார். மதுரையில் இறங்கி அவளுக்கு ஒரு காப்பி வாங்கிவந்து கொடுத்துவிட்டு, அவள் குடித்து முடிக்கிறவரை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

இப்போதும் மதியம் திரை விழுகிறது. சந்துக்காரர்கள் வந்து நிற்பது குறைந்துவிட்டது. தக்காளி விலையும் இறங்கிவிட்டது. பத்ரிநாராயணன் கோயிலுக்கு இருபது நிமிஷத்தை அரை மணி நேரமாக்கியிருக்கிறார், காரணம் சொல்வதில்லை. போன மழைக்காலத்தில் ஒருநாள் மாலதி தன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரைக்கு வெளியே தயங்கி, "அத்தே, நானும் வரட்டா? ஒண்ணும் பேச மாட்டேன்," என்று கேட்டாள். திரை கொஞ்சம் அகலமானது. உள்ளே அவர்கள் பேசுகிறார்களா இல்லையா என்பது வெளியே கேட்பதில்லை. வீட்டில் கத்தரிக்காய் சமைப்பது குறைந்திருக்கிறது.

ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த மாரீஸ்வரன் ஒருநாள் மச்சு ஏணியில் பாதி இறங்கியவன் அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"அண்ணாச்சி, அதுக்குள்ள என்ன இருக்கு?"

"நீ செதம்பரம் போயிருக்கியாலே?"

"இல்ல அண்ணாச்சி."

"அங்க இருக்குறதுதான் இங்கயும்," என்ற வானமாமலை, தண்ணீருக்குக் குரல் கொடுக்க வாயைத் திறந்தார். திரையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு எழுந்துபோய், குடம் எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கினார்.