காற்று புகுந்து போகும் வேலி

அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்ன மீன்பிடி ஊர். அங்கே கடலைப் பார்த்த ஒரு வீட்டின் பின்பக்கத்தில் பனையும் வாழையும் வளர்த்தே தீருவேன் என்று கிளம்பினாள் மோகனப்பிரியா. பக்கத்து வீட்டு நோரா சிரித்தாள். "இந்தக் காற்றில் முட்டைக்கோஸ் தலையைத் தூக்கினாலே பெரிய விஷயம்" என்றாள். காரமடையில் இருந்த அப்பா பாலுசாமி போனிலேயே சிரித்தார்.

"ஏங்கண்ணு, இங்க நம்ம தோட்டம் பூரா வாழ நிக்குது. அதையுட்டுப்போட்டு அந்தக் குளுருல போயி வாழ வெக்கறயாக்கு?"

"இது ஜப்பான் வாழைங்கப்பா. குளுரு தாங்கும். திங்கற மாதிரி பழம் வராது, எலைக்காகத்தான்."

"திங்க முடியாத வாழையா? அம்மணி, இத வெளிய சொல்லிப்போடாத."

மோகனப்பிரியா கோயமுத்தூரில் தோட்டக்கலை படித்தவள். கணவன் கிருபாசங்கருக்கு அந்த ஊர் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பிரிவில் வேலை கிடைத்ததால் கூடவே வந்தாள். வந்த சில வாரங்களிலேயே ஒன்றைக் கவனித்தாள். அங்கே குளிர் இருந்ததே தவிர, உறைபனி பேருக்குத்தான் விழுந்தது. கடலில் ஓடிய வெதுவெதுப்பான நீரோட்டம் கரையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் பனை வரும், பெரிய இலைச் செடிகளும் வரும். வராது என்று சொன்னவர்கள் யாரும் வைத்துப் பார்த்ததில்லை என்பது அவள் கணக்கு.

தண்டைச் சுற்றி நார் போர்த்திய விசிறிப்பனைகளை வைத்தாள். ஜப்பான் வாழை வைத்தாள். குடை அகலத்துக்கு இலை விரிக்கும் ஒரு செடியைத் தேடிப் பிடித்து வாங்கி வந்து நட்டாள். கோடை முழுக்க எல்லாம் தளதளவென்று வந்தன. இலையுதிர் காலத்தின் முதல் புயல் ஒரே சாயங்காலத்தில் அத்தனையையும் நாராகக் கிழித்துப் போட்டது. மிஞ்சிய இலைகளும் உப்புக்காற்று பட்டு, வெந்நீர் கொட்டினது போலக் கருகின.

கிருபாசங்கர் லீவு போட்டுவிட்டு, இடுக்கு இல்லாமல் பலகை அடித்து ஓர் உயரமான வேலி போட்டுக் கொடுத்தான். "இதத் தாண்டி எப்புடி வருதுன்னு பாத்துரலாம்" என்றான். காற்று தாண்டித்தான் வந்தது. பலகையில் முட்டி, மேலே எகிறி, தோட்டத்தின் நடுவில் வந்து தொப்பென்று விழுந்து சுழற்றியது. வேலியை ஒட்டி இருந்த செடிகள் தப்பித்தன. நடுவில் இருந்தவை முன்பைவிட மோசமாகக் கிழிந்தன. குளிர்காலம் முடிவதற்குள் வேலியே படுத்துவிட்டது.

அன்று அவள் அழுதாள். அழுது முடித்துவிட்டு, வீட்டில் இருக்கப் பிடிக்காமல் துறைமுகத்துக்கு நடந்தாள். நிமிர்ந்து நடக்க முடியாத காற்று. அங்கே மீனவர்கள் பழைய வலைகளை அடுக்கடுக்காகக் கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள். அவற்றின் பின்னால் ஒதுங்கியவளுக்குத் திடீரென்று காதில் இரைச்சல் ஓய்ந்தது போல இருந்தது. தலைமுடி முகத்தில் அடிக்கவில்லை. யாரோ தரையில் வைத்துவிட்டுப் போன ஒரு காகிதக் கப் அசையாமல் நின்றிருந்தது. வலை காற்றை நிறுத்தவில்லை. உள்ளே விட்டு, சல்லடையில் சலித்தது போல அதன் பலத்தை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பியது.

அவள் அங்கேயே நின்று கையை நீட்டி நீட்டிப் பார்த்தாள். வலைக்கு வெளியே நீட்டினால் சட்டைக் கை படபடத்தது. உள்ளே இழுத்தால் அடங்கியது. வீடு வரைக்கும் ஓடினாள்.

அந்த வசந்தத்தில் பலகை போய் வலை வந்தது. வலையின் நிழலில், உப்புக்கு அசராத புதர்ச் செடிகளை வரிசையாக நட்டு உயிர்வேலி எழுப்பினாள். புயல் அடித்து ஓய்ந்ததும் முதல் வேலையாக இலைகளைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டாள். குளிர்காலத்தில் வாழைத் தண்டுக்கு வைக்கோல் சுற்றிக் கட்டினாள். மூன்றாவது கோடையில் வாழை இலைகள் கிருபாசங்கரின் தலைக்கு மேலே விரிந்தன. விசிறிப்பனை மஞ்சளாகப் பூத்துத் தள்ளியது. ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தார்கள். அவர்களுக்குச் சுற்றிக் காட்டியது நோரா. ஆரம்பத்திலிருந்தே தனக்கு நம்பிக்கை இருந்தது என்று வேறு சொல்லிக்கொண்டாள்.

அந்த வைகாசியில் அப்பாவின் போன் வந்தது. இந்த முறை சிரிப்பு இல்லை.

"எல்லாம் போச்சு கண்ணு. தாரோட சாஞ்சு போச்சு. வெட்டறதுக்கு இன்னம் கொஞ்ச நாள்தான் இருந்துச்சு."

மேற்கிலிருந்து சுழன்று வந்த ஒரே காற்று. காரமடைப் பக்கம் வாழை போட்டவர்கள் எல்லாருக்கும் தெரிந்த எதிரிதான். ஆனால் ஒரு மரம் மிச்சமில்லாமல் போனது இதுதான் முதல் தடவை. அவருக்கு அலுத்துவிட்டது. "குடோன் கட்டறதுக்கு எடங் கேக்கறாங்க. உட்டர்லாம்னு இருக்கறேன்" என்றார்.

"நான் வார வரைக்கும் ஒண்ணும் பண்ணிப்போடாதீங்கப்பா."

கிருபாசங்கரின் ஒப்பந்தமும் அந்த ஆண்டோடு முடிந்தது. கோயமுத்தூரிலேயே வேலை கிடைத்தது. தோட்டத்தை நோராவிடம் ஒப்படைத்துவிட்டு இருவரும் ஊர் திரும்பினார்கள்.

பாலுசாமி அதற்குள் மனதை மாற்றிக்கொண்டிருந்தார். குடோன் இல்லை, சுவர். மேற்கு எல்லை நெடுக ஹாலோ பிளாக்கில் ஆள் உயரத்துக்கும் மேலே சுவர் எழுப்பிவிட்டால் காற்று என்ன செய்யும் என்றார்.

"எகிறிக் குதிக்குமுங்கப்பா. செவுத்த ஒட்டி இருக்கறது தப்பிக்கும், அதுக்கு அந்தப்பக்கம் இருக்கறதப் பிச்சுப்போடும். நான் பட்டுட்டு வந்திருக்கறேனுங்க. காத்து வேலிக்குள்ள பூந்து போகோணும். போறப்ப அதோட வேகம் கொறையோணும், அவ்வளவுதான்."

"பூந்து போறதுக்கு வேலி எதுக்கு கண்ணு? சும்மாவே பூந்துதானே போகுது?"

ஒரு வாரம் இதே பேச்சு. சாப்பிடும்போது, தண்ணீர் கட்டும்போது, கோயிலுக்குப் போய் வரும் வழியில். கடைசியில் அம்மா பழனாத்தாள்தான் பஞ்சாயத்து பண்ணினாள். "அப்பனும் புள்ளையும் என்ற காதத் தின்னது போதும். தெக்குப் பாதி அவரு, வடக்குப் பாதி நீ. காத்து வந்து சொல்லட்டும் ஆரு சொன்னது சரின்னு."

தெற்குப் பாதியில் சுவர் எழும்பியது. அழகான சுவர்தான், வெள்ளையடித்து ஜம்மென்று நின்றது. வடக்குப் பாதியில் மோகனப்பிரியா ஓரத்தில் உயிர்வேலிக்குக் கிளுவைக் குச்சிகளை ஊன்றினாள். அதை ஒட்டி உள்ளே, சவுக்கை நெருக்கமாக இரண்டு வரிசை நட்டாள். செடி வளரும்வரை காவலுக்கு உயரக் கம்பங்களில் நிழல்வலை கட்டினாள். பக்கத்துத் தோட்டத்து மாரப்பன் அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மணி, இங்க மீன் புடிக்கவா வலை கட்டறீங்க?" என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டு நகர்ந்தாள்.

முதல் வருஷம் காற்று பெயருக்குத்தான் வந்தது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இரண்டாம் வருஷம் சவுக்கு வலைக்கு மேலே தலையை நீட்டியது. வாழையும் நன்றாகக் குலை தள்ளியிருந்தது. சித்திரை முடியும் நேரம், ஒரு மத்தியானம், மேற்கு மலை கருத்தது.

பாலுசாமி வாசலில் நின்றார். முதலில் புழுதி வந்தது, பிறகு ஒரு இரைச்சல். தென்னை மட்டைகள் பறந்தன. மோட்டார் ரூம் தகரம் பிய்த்துக்கொண்டு போனது. "ஊட்டுக்குள்ள வாங்க!" என்று பழனாத்தாள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. மழை சடசடவென்று அடித்து, வந்த வேகத்தில் நின்றது.

வெளிச்சம் இருக்கும்போதே அப்பாவும் மகளும் தோட்டத்துக்கு நடந்தார்கள். வழியில் மாரப்பனின் வாழைகள் பாய் விரித்தது போலக் கிடந்தன. அதைப் பார்த்ததும் பாலுசாமி வேகமாக முன்னால் போனார்.

தெற்குப் பாதியில் சுவர் அப்படியே நின்றது. சுவரை ஒட்டிய வரிசைகளும் நின்றன. அதைத் தாண்டியதும் ஒரு கோடு போட்டது போல எல்லாம் முறிந்து, திருகி, ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன. பாலுசாமி அங்கே நின்று தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். வடக்குப் பக்கம் திரும்பிப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை.

"அப்பா" என்றாள் மோகனப்பிரியா. "அங்க பாருங்க."

வடக்குப் பாதி நின்றுகொண்டிருந்தது. வலை ஓரிடத்தில் கிழிந்திருந்தது. சவுக்கு லேசாகச் சாய்ந்து, ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் வரிசை வரிசையாக வாழை, தார் தாராக, இலை நுனி மட்டும் கிழிந்து. விழுந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். பாலுசாமி உள்ளே நுழைந்து ஒவ்வொரு மரமாகத் தொட்டுக்கொண்டே கிழக்கு எல்லை வரைக்கும் போனார். திரும்பி வரும்போது ஓட்டமும் நடையுமாக வந்தார். அவர் அப்படி ஓடி மோகனப்பிரியா பார்த்ததே இல்லை.

"பழனா! ஏ பழனா!" என்று வீட்டைப் பார்த்துக் கத்தினார். "வந்து பாரு! புள்ள காத்தச் செயிச்சுப்போட்டா!"

மறுநாள் காலையிலேயே மாரப்பன் வந்தார், கூட இன்னும் சிலர். சவுக்கு வரிசைக்குள் போய் நின்றார்கள், தார்களைத் தட்டிப் பார்த்தார்கள். மாரப்பன் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "அம்மணி, என்ற தோட்டத்துக்கும் இதே மாதிரி வெச்சுக் குடுப்பீங்களா?"

"உங்க ஒருத்தரு தோட்டத்துக்கு மட்டும் வேண்டாமுங்க மாமா" என்றாள் அவள். "உங்குளுது, எங்குளுது, அதுக்கு அடுத்தது, எல்லாத்துக்கும் சேத்து மேக்கால ஒரே வேலியாப் போட்டரலாம். நெடுக இருந்தாத்தான் முனையச் சுத்திக் காத்து வராது."

வரப்புத் தகராறில் பல வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதவர்கள் இரண்டு பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மெதுவாக, "கிளுவக் குச்சி எங்கிட்ட நெறைய இருக்குது" என்றார். "வெட்டறதுக்கு நான் ஆள் அனுப்பறேன்" என்றார் மற்றவர்.

பாலுசாமி அதற்குள் கடப்பாரையோடு தெற்குப் பக்கம் போய்விட்டிருந்தார். சுவரின் முதல் கல் பெயர்ந்து விழும் சத்தம் கேட்டது. மோகனப்பிரியா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எங்கிருந்து நூல் பிடிப்பது என்று காட்டுவதற்கு எல்லாரையும் கூட்டிக்கொண்டு எல்லையோரமாக நடந்தாள்.